சம்பந்தி வீட்டு மணல்

— அந்தக் கதவைத் திறக்காதீங்க, சம்பந்தியம்மா!

— ஏண்ணே? பஸ்ல வந்த கையைக் கழுவலாம்னு கொல்லைப்பக்கம் போறேன்.

— கொல்லை இல்ல.

— இல்லன்னா?

— இல்லன்னா இல்லதான். போன வாரம் போயிருச்சு. பார்க்கணும்னா நிலையைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாருங்க. படியைத் தாண்டிக் காலை வைக்காதீங்க, மிச்சம் இருக்கிற தரையும் அடியில அரிச்சுக் கெடக்கு.

— அய்யோ, என்னண்ணே இது! போன தடவை மழையில நனைஞ்சு வந்தப்போ இங்கதானே சேலையைக் காயப்போட்டேன்?

— கொடி போச்சு. துவைக்கிற கல்லு போச்சு. உங்க நல்ல நேரம், சேலையை மறக்காம எடுத்துட்டுப் போயிட்டீங்க.

— சேலை கெடக்கு. இந்தப் படிக்கும் அந்தப் பள்ளத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?

— பதினோரு எட்டு. என் எட்டுக்கு. உங்க எட்டுக்குப் பதினாலு வரும்.

— சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே!

— அழுதா மட்டும் கடல் நின்னுடுமா? அதுல ஏற்கனவே வேண்டிய அளவு உப்பு இருக்கு. என் பங்குக்கு வேற எதுக்கு? உக்காருங்க, டீ போடுறேன்.

— டீக்கடைக்காரிக்கே டீயா?

— ஒரு நாளாவது அடுத்தவன் போட்ட டீயைக் குடிங்க. அப்பதான் உங்க கடைக்கு வர்றவன் படுற பாடு தெரியும்.

— தரை குறைஞ்சாலும் உங்களுக்கு வாய் குறையல.

— பேத்தி எப்படி இருக்கா?

— குட்டிம்மாவா? நாலு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, எல்லாரையும் அதட்டுறா. உங்க பொண்ணு ஜாடையும் இல்ல, என் மகன் ஜாடையும் இல்ல. அப்படியே நீங்கதான். அதே மூக்கு, அதே பிடிவாதம்.

— என் சம்சாரம்?

— அவங்களுக்கென்ன? பேத்தியைக் குளிப்பாட்டுறதும் என் மகனைத் திட்டுறதுமா எங்க வீட்டுல ராஜாங்கம் நடத்துறாங்க. உங்களுக்கு ஒரு சேதி கூட சொல்லி அனுப்பியிருக்காங்க.

— சொல்ல வேணாம், தெரியும். ‘அந்த மனுஷனை வீட்டைப் பூட்டிட்டு வரச் சொல்லுங்க, நான் இனிமே அங்க காலடி எடுத்து வைக்க மாட்டேன்.’ இதானே?

— மனுஷன்னு சொல்லல. வேற ஒரு வார்த்தை சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன்.

— பாருங்க, சம்பந்தியம்மா. தெருமுனையில உங்க தலையைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. என்னைக் கூப்பிட வந்திருக்கீங்க. நான் வரமாட்டேன். டீயைக் குடிச்சுட்டு நல்லபடியா போயிட்டு வாங்க.

— நான் இன்னும் வாயே திறக்கலையேண்ணே!

— திறக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்.

— அட போங்கண்ணே. இதென்ன, டீல சக்கரையே காணோம்? அதையும் கடல் கொண்டு போயிருச்சா?

— இல்ல, தீர்ந்து போச்சு. எல்லாத்துக்கும் கடல் மேல பழி போடக் கூடாது.

— நிஜமாத்தான் கேக்குறேன். தனியா இங்க என்னதான் பண்றீங்க?

— எனக்கென்ன குறை? காலைல ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. தூண்டிலைத் தூர வீசிட்டுப் படியில உக்காந்தா மீனு. சொந்த வீட்டுப் படியில உக்காந்து மீன் பிடிக்கிறவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான். பக்கத்துல தையல்காரர் இருக்காரு, எதிர்ல நர்ஸ் அம்மா. மொத்தம் ஆறு வீடு. சாயங்காலமானா தெருவுல நாற்காலியைப் போட்டுருவோம். முன்னெல்லாம் மூணு தெரு குறுக்க நின்னு மறைக்கும். இப்ப நேரா கப்பலையே பார்க்கலாம்.

— பெருமையைப் பாரு!

— இதைக் கேளுங்க. புதுசா ஒரு தபால்காரர் வந்திருக்காரு. ‘நாலாவது தெரு’ன்னு உறையில பார்த்துட்டு, ‘முதல் மூணு தெரு எந்தப் பக்கம் சார்’ன்னு கேட்டாரு. கையை நீட்டிக் காட்டினேன். தண்ணியைப் பார்த்துக்கிட்டே நின்னாரு, பாவம்.

— நீங்க சிரிக்கிறது உதட்டோட நின்னுடுது. மூணு வருஷமா சம்பந்தி, எனக்குத் தெரியாதா? உள்ளுக்குள்ள வேற என்னமோ இருக்கு. சொல்லுங்க, ஏன் நகர மாட்டேங்கிறீங்க?

— டீ ஆறுது, குடிங்க.

— ஆறட்டும்.

— பாருங்க... ஜன்னல் வழியா அந்தச் சுவர் தெரியுதா?

— துறைமுகச் சுவரா? தெரியாம என்ன? அதுக்கு அந்தப் பக்கம் நாங்க, இந்தப் பக்கம் நீங்க. கத்திக் கூப்பிட்டா கேக்குற தூரம். பஸ்ல சுத்தி வந்தா முக்கா மணி நேரம்.

— அதுல முதல் கல்லை வெச்சது நான். கடைசிக் கல்லை வெச்சதும் நான். ஆறு வருஷம் அங்க கிரேன் ஓட்டினேன். ஒரு லாரிக்கு ஒரு கல்லுதான் வரும், அம்மாம் பெருசு. சங்கிலியை மாட்டி, தூக்கி, மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்சம்... விடு! அப்படி வெச்சேன். ஒரு கல்லு கோணல் கிடையாது. இன்னைக்கும் போய்ப் பாருங்க.

— அதான் ஊருக்கே தெரியுமே. கிரேன்காரர் வீடு எதுன்னு கேட்டா சின்னப் புள்ளையும் காட்டும்.

— அதான் சிக்கலே. சுவர் முடிஞ்ச மறு வருஷமே இங்க மணல் குறைய ஆரம்பிச்சுது. முதல் தெரு போச்சு. ரெண்டாவது போச்சு. மூணாவது தெருவுல ஒரு வாத்தியார் இருந்தாரு. சாமானையெல்லாம் வண்டியில ஏத்திட்டு என் வாசல்ல வந்து நின்னாரு. திட்டப் போறாருன்னு நினைச்சேன். திட்டல. ‘தண்ணி வர்ற வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கப்பா’ன்னு சாவியைக் கையில குடுத்துட்டுப் போனாரு. பதினேழு நாள் பார்த்துக்கிட்டேன்.

— அய்யோ, அப்புறம்?

— அப்புறம் என்ன? வீடு போயிருச்சு. சாவி என்கிட்ட இருக்கு. அவர் திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன். இப்ப நீங்களே சொல்லுங்க, கல்லை வெச்சவன் முன்னாடி கிளம்பிடலாமா? இந்தத் தெருவுல கடைசி வீடு காலியானதுக்கு அப்புறம்தான் நான் நகரணும். அதுதான் நியாயம்.

— முடிச்சுட்டீங்களா?

— முடிச்சுட்டேன்.

— இப்ப நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாதீங்க. சுவர் வர்றதுக்கு முன்னாடி எங்க பக்கம் எப்படி இருந்துச்சு தெரியுமா? வாசல்ல இருந்து இருபது எட்டுல கடல். படகு கரையேறணும்னா மூணு அலையைத் தாண்டி வரணும். அந்த மூணாவது அலைதான் எமன். ஒரே வருஷத்துல எங்க தெருவுல அஞ்சு பேரு. அஞ்சு பேரும் நடுக்கடல்ல போகலண்ணே. கரையைப் பார்த்துக்கிட்டே போனாங்க. நாங்களும் பார்த்துக்கிட்டேதான் நின்னோம்.

— கேள்விப்பட்டிருக்கேன்...

— குறுக்க பேசாதீங்கன்னேன்ல. அப்ப நான் வலை பின்னிக்கிட்டிருந்தேன். அவரு படகு திரும்புற நேரம் ஆயிட்டா, ஊசி கையில நிக்காது. கண்ணி எல்லாம் தப்புத் தப்பா விழும். எந்த வலையில கண்ணி கோணலா இருக்கோ, அது அவரு கடல்ல இருந்தப்போ பின்னின வலைன்னு மத்தப் பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. அப்புறம் நீங்க சுவரைக் கட்டி முடிச்சீங்க. உள்ள குளம் மாதிரி தண்ணி. படகெல்லாம் வீட்டுக்கு வர்ற மாடு மாதிரி தன்னால வந்து நின்னுச்சு.

— அது... அப்ப எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்தான்.

— அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனாரு, வந்தாரு. கடைசியில கட்டில்ல படுத்து, என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சு, மகன் மடியில தலையை வெச்சுக்கிட்டுப் போனாரு. அவரு அப்பாவுக்கு அது கிடைக்கல. தாத்தாவுக்குக் கிடைக்கல. அந்தக் குடும்பத்துல கட்டில்ல உயிரை விட்ட முதல் ஆம்பளை அவருதான். அதை யாரு குடுத்தது? கோணல் இல்லாம வெச்சீங்களே, அந்தக் கல்லு குடுத்துச்சு.

— இதை நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே, சம்பந்தியம்மா.

— சம்பந்தி வீட்டுக்குப் போனா யாராவது சாவைப் பத்திப் பேசுவாங்களா? வாத்தியார் சாவியை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு, எங்க பக்கத்துக் கணக்கை விட்டுட்டீங்களேன்னுதான் சொன்னேன்.

— நல்லது. நல்லது... சொன்னது நல்லது.

— சரி, மூக்கைச் சிந்துங்க. அதுக்காக உங்க சுவரால எனக்குக் கஷ்டமே இல்லன்னு நினைச்சுக்காதீங்க. வாசல்ல இருந்த கடல் இப்ப அறுநூத்தி நாப்பது எட்டு தள்ளி இருக்கு!

— யார் எட்டுக்கு?

— என் எட்டுக்குத்தான்! அதுவும் மணல்ல. கடலைப் பார்க்கணும்னா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடக்கணும். படுக்கையில மணல், டீத்தூள் டப்பாவுல மணல், உங்க பேத்தி தொட்டில்ல மணல். அலை சத்தம் தூரமா போனதுல, முதல் வருஷம் எங்க தெருவுல ஒருத்தரும் சரியா தூங்கல தெரியுமா?

— எங்க மணல் உங்களுக்குப் பாரமா இருக்கா? இதுதான் கொழுப்பு. பொண்ணைக் கேட்டீங்க, குடுத்தேன். மணலைக் கேக்காமயே எடுத்துக்கிட்டீங்க.

— அப்படி இல்லையாம்ணே. அந்தப் பொண்ணு விளக்கமா சொல்லுச்சு.

— எந்தப் பொண்ணு?

— கரையை அளக்க வந்திருக்கே ஒரு இஞ்சினியர் பொண்ணு, ஆறு மாசமா என் கடையிலதான் டீ. ஒரு நாள் என் டீ தட்டையே எடுத்து, மணலைக் கொட்டி, தண்ணியை ஊத்தி, கரண்டியைக் குறுக்க வெச்சுக் காட்டுச்சு. அலை நேரா வர்றதில்லையாம், சாய்வா வந்து அடிக்குதாம். ஒவ்வொரு அலையும் ஒரு சிட்டிகை மணலைப் பக்கவாட்டுல நகர்த்தி விடுமாம். அப்படியே கரையோரமா மணல் நடந்துக்கிட்டே இருக்குமாம், நாள் முழுக்க, வருஷம் முழுக்க. உங்க வாசல் மணல் அன்னைக்கும் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா எங்க பக்கத்துல இருந்து புது மணல் வந்து அந்த இடத்தை நிரப்பிடும்.

— இப்ப?

— இப்பவும் போறது போகுது. வர வேண்டியது மட்டும் சுவர்ல முட்டி எங்க வாசல்லயே உக்காந்துருச்சு.

— ஆக, என் கல்லுதான் அதுக்கு முட்டுக்கட்டை.

— மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? சுவரை யாரும் குறை சொல்லல. சுவர் வேணும். மணலும் போகணும். அதுக்கு ஒரு வழி இருக்காம். பெரிய இஞ்சின் ஒண்ணை வெச்சு, எங்க பக்கத்து மணலைத் தண்ணியோட சேர்த்து உறிஞ்சி, குழாய் வழியா சுவரைத் தாண்டி உங்க பக்கம் விடுறது.

— நல்ல யோசனைதான். உங்க ஆளுங்க விட்டுருவாங்களாக்கும்? பசங்க பந்து விளையாடுறதே அங்கதான். கடை கண்ணி எல்லாம் அந்த மணல் மேலதானே நிக்குது. உங்க டீக்கடையும் சேர்த்து.

— போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. ஒரே கூச்சல். அந்த மணல்ல ராட்டினம் போட்டிருக்கிறவரு எந்திரிச்சு, ‘கடலா பார்த்து நமக்குக் குடுத்ததை நாம எதுக்குத் தூக்கிக் குடுக்கணும்’னு மேசையைத் தட்டினாரு. பாதிப் பேரு கை தட்டினாங்க.

— அதானே பார்த்தேன்.

— இருங்க. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தைரியம், எந்திரிச்சுட்டேன். ‘குடுக்கலய்யா, வழிமறிச்சு வெச்சிருக்கோம். அடுத்த வீட்டுக்கு வந்த கடுதாசி நம்ம வாசல்ல விழுந்தா எடுத்துக் குடுக்க மாட்டோமா? இருபத்தாறு வருஷக் கடுதாசி கெடக்கு அங்க’ன்னு கேட்டேன். ‘முழுசா கேக்கல, பாதி போனாலும் உன் ராட்டினம் சுத்த முந்நூறு எட்டு மிச்சம் இருக்கும்’னு சொன்னேன். அப்புறம் யாரு யாரு சம்மதம்னு கையைத் தூக்கச் சொன்னாங்க.

— என்ன ஆச்சு?

— நாலு கை வித்தியாசத்துல ஜெயிச்சுட்டோம்ணே.

— விளையாடாதீங்க.

— உங்க பேத்தி மேல ஆணை. கையெழுத்து எல்லாம் ஆயாச்சு. அலை அடங்குற காலம் பார்த்து, இந்த மாசக் கடைசியில ஆரம்பிக்கிறாங்க. முதல் மணல் விழப்போறது உங்க கொல்லையிலதான். ரெண்டு மாசத்துல இங்க இருநூறு எட்டு கரை வந்துடும்.

— இருநூறு...

— என் எட்டுக்கு. ஆனா ஒரு தடவை கொட்டிட்டு விட்டுட முடியாதாம். சுவர் நிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் கொட்டிக்கிட்டே இருக்கணுமாம். இல்லன்னா கடல் திரும்ப ஆரம்பிச்சுடுமாம்.

— அது சரிதான். கல்லு அசையாம நிக்கிறப்போ, மனுஷன்தான் அசையணும். நான் இதைத் தையல்காரர்கிட்ட சொல்லணும். நர்ஸ் அம்மாகிட்ட சொல்லணும். வீடு மாத்தணும்னு நேத்துதான் பெட்டி கட்ட ஆரம்பிச்சாங்க. இருங்க, இருங்க... இஞ்சினை எங்க வெப்பாங்க? அவ்வளவு கனத்துக்கு அந்தப் புது மணல் தாங்காதே. நான் கிரேன் நிறுத்தினவன், எனக்குத் தெரியும்.

— அதேதான் அந்தப் பொண்ணும் சொல்லுச்சு. பழைய கெட்டித் தரை வேணுமாம், சுவரை ஒட்டினாப்பல. அப்படி இருக்கிறது அஞ்சே அஞ்சு வீடு. அதுல ஏதாவது ஒண்ணை இடிச்சாகணும். கை தூக்கினவங்க எல்லாம் அப்பதான் தரையைப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

— பார்க்காம? வீடுன்னா சும்மாவா?

— வேற இடத்துல கட்டித் தர்றாங்களாம். ஆனா ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகுமாம். நாலு வீட்டுக்காரங்க முடியாதுன்னுட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது.

— அஞ்சாவது வீடு?

— அவங்க சரின்னுட்டாங்க.

— யாரு அந்த மகராசன்? பேரைச் சொல்லுங்க. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போய் அவன் கையைப் பிடிச்சுக்கிறேன்.

— மகராசன் இல்ல, பொம்பளை. பஸ்ஸெல்லாம் வேணாம். முதல்ல நீங்க எனக்கு ஒரு பதிலைச் சொல்லுங்க. எவ்வளவு சொன்னாலும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டீங்க?

— மாட்டேன். இப்ப அதுக்கு அவசியமும் இல்லையே.

— உறுதியாத்தானே சொல்றீங்க? என் எதிர்ல ஒண்ணு, உங்க சம்சாரம் எதிர்ல ஒண்ணு பேச மாட்டீங்களே?

— பிரம்மதேவனே வந்து கூப்பிட்டாலும் நகர மாட்டேன். போதுமா?

— அப்பாடா. இப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

— என்னது? இதைக் கேட்டு ஒப்பாரி வைப்பீங்கன்னு பார்த்தா, அப்பாடாங்கிறீங்க?

— இந்த வீட்டுல அறை எத்தனைண்ணே? மூணா, நாலா?

— மூணு. அதுல ரெண்டு பூட்டியே கெடக்கு. நீங்க பார்க்காத வீடா? எதுக்கு இப்ப அது?

— உங்க மணல் வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு மாசம் என் தம்பி வீட்டுல சமாளிச்சுக்கலாம், அதுக்கு மேல அங்க முடியாது... நான், என் மகன், உங்க பொண்ணு, பேத்தி, உங்க சம்சாரம்னு அஞ்சு பேரு இருக்கோம். அந்தப் பூட்டின அறை ரெண்டையும் எங்களுக்குத் திறந்து விடுவீங்களாண்ணே?